புளித்தால்தான் கூழ்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் ஆலை திறந்தது 2010இல். இந்தப் பக்கத்து ஆட்கள் கேழ்வரகுக் கூழ் குடித்தது அதற்கெல்லாம் வெகு காலம் முந்தி. ஏரிப் பாசன வயலுக்குப் போனவர்களின் காலைச் சாப்பாடு இன்று ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் சாலையோரத் தள்ளுவண்டியில் கிடைக்கிறது.

முதல் நாள் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து மூடிவைப்பார்கள். இரவெல்லாம் புளிக்கும். மறுநாள் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் களியாகக் கிண்டி இறக்குவார்கள். கொதியில் பழைய நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஆறிய களியில் பானையிலிருந்தும் கையிலிருந்தும் புதிதாக வந்துசேரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மறுபடி புளிக்கவைக்கும். அடுத்த நாள் காலை தண்ணீர், மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் கூழ்.

இரண்டு தடவை புளிக்கவைப்பது எதற்கு? கேழ்வரகு மணி கடுகளவுதான். தோல் உள்மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் அரிசிபோலத் தீட்டுவது கடினம், முழுசாகவே அரைபடும். அதனால்தான் 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் 10 தேறினால் அதிகம். ஆனால் அதே தோலில் ஃபைடிக் அமிலமும் உண்டு. இரும்பு, துத்தநாகம், கால்சியம் மூன்றையும் அது பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாவு புளித்து அமிலம் ஏறும்போது தானியத்திலேயே இருக்கும் ஃபைடேஸ் நொதி அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. முதல் புளிப்பின் வேலை இது. இரண்டாவது, ருசிக்கும் காவலுக்கும்: அமிலம் ஏறிய களியில் கெடுக்கும் கிருமிகள் எளிதில் பெருகாது.

வியர்த்துக் கொட்டியவருக்குத் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய், கொத்தவரங்காய் வத்தல், நெத்திலிக் கருவாடு. கூழில் குறைவாக உள்ள புரதத்தை ஈடுகட்டுவது கருவாடுதான், சைவக்காரர்கள் மன்னிக்கவும்.

சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வண்டியில் எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். குழைய வெந்த மாவு ரத்தத்தில் வேகமாகவே சர்க்கரையாகும். தயிரை ஊற்றி அன்றைக்கே புளிப்பேற்றிய கூழும் உண்டு. அதில் ருசி வரும், ஃபைடிக் அமிலம் போகாது. களி எவ்வளவு நன்றாகப் புளித்திருந்தாலும் கடைசியில் கரைக்க ஊற்றுவது பச்சைத் தண்ணீர். எந்தத் தண்ணீர் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொம்பை வாங்குங்கள்.