கதவு திறக்காதபோது...

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் பயணிகள் விமானச் சேவை மீண்டும் தொடங்கியது. ராசிபுரத்து வணிகருக்கும் நாமக்கல் கோழிப்பண்ணை உரிமையாளருக்கும் விமானப் பயணம் இன்று வாழ்க்கைக்கு வெளியே உள்ள ஒன்றாக இல்லை. ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்துக்கு இது நல்ல செய்திதான். ஆனால், புதிய வசதி ஒவ்வொன்றும் ஒரு புதிய பொறுப்பையும் உடன் அழைத்து வருகிறது. விபத்து நேர்ந்து, விமானத்தின் கதவு திறக்காதபோது உள்ளே சிக்கியவரை எப்படி வெளியே எடுப்பது என்பது அத்தகைய பொறுப்புகளுள் ஒன்று.

விமானம் விழுந்தால் எவரும் பிழைப்பதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. உண்மை அதுவன்று. ஓடுபாதையிலும் அதன் அருகிலும் நேரும் விபத்துகள் பலவற்றில் பயணிகளில் பெரும்பாலோர் உயிருடன் இருக்கின்றனர். 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில் கோழிக்கோடு விமான நிலையத்தில் தரையிறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து சரிவில் விழுந்து உடைந்தது. அதில் இருந்த 190 பேரில் விமானிகள் இருவர் உள்பட 21 பேர் உயிரிழந்தனர். எரிபொருள் கசிந்தும் தீப்பிடிக்கவில்லை. கரோனா அச்சத்தையும் பொருட்படுத்தாமல் ஓடிவந்த கொண்டோட்டி, கரிப்பூர் மக்கள் காயமடைந்தோரைத் தூக்கிச் சென்று கிடைத்த வாகனங்களில் ஏற்றினர்.

அந்த மக்களின் மனிதநேயத்தை நாடே பாராட்டியது. ஆனால், அடுத்த ஆண்டு செப்டம்பரில் வெளியான விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் அறிக்கை, மீட்புப் பணியில் இருந்த ஒருங்கிணைப்புக் குறைவையும் பயிற்சிக் குறைவையும் சுட்டிக்காட்டியது. அன்று தீப்பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு மங்களூரு விபத்தே சான்று. 2010 மே 22-ஆம் தேதி அங்கு விழுந்த விமானம் எரிந்ததில் 166 பேரில் 158 பேர் மாண்டனர். பிழைத்த எண்மரில் பலர் விமானத்தின் உடற்பகுதியில் ஏற்பட்ட பிளவின் வழியே வெளியே குதித்தவர்கள். அன்று விதி திறந்துவைத்த பிளவைத்தான் மீட்பர்கள் தங்கள் கருவிகளால் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இதில் முதல் எதிரி நேரம். 44 பேருக்கு மேல் அமரும் விமானங்களில், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று தயாரிப்பாளர் மெய்ப்பிக்க வேண்டும். ஓடுபாதையின் எந்த முனைக்கும் தீயணைப்பு வண்டி 3 நிமிடங்களுக்குள் சென்றுசேர வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. 2 நிமிடம் என்பது அதன் பரிந்துரை. இந்த எண்கள் எல்லாம் நடக்க முடிந்த பயணியை மனத்தில் கொண்டவை. கால் முறிந்து இருக்கைகளுக்கு இடையே சிக்கியவருக்கு இவை பொருந்தா.

1989 ஜனவரி 8-ஆம் தேதி இங்கிலாந்தின் கெக்வொர்த் கிராமத்துக்கு அருகே, நெடுஞ்சாலையின் கரையில் ஒரு விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தனர். 79 பேர் பிழைத்தனர். மோதிய வேகத்தில் தரைத்தளம் சிதைந்து, இருக்கைகள் பெயர்ந்து ஒன்றன்மீது ஒன்று குவிந்தன. தலைக்கு மேலிருந்த பெட்டி அடுக்குகள் ஏறத்தாழ முழுவதுமாகக் கீழே விழுந்தன. பிழைத்தவர்களில் மிகச் சிலரே தாமாக வெளியேறும் நிலையில் இருந்தனர். மற்றவர்களை ஒவ்வொருவராக விடுவிக்கப் பல மணி நேரம் ஆயிற்று. சிக்கிக்கொள்ளுதல் என்பதன் முழுப்பொருளை உலகுக்கு உணர்த்திய விபத்து அது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் கருவிகள் எவை? முதலாவது, ஹைட்ராலிக் விரிப்பானும் வெட்டியும். அமெரிக்கக் கார் பந்தயங்களில் நொறுங்கிய வண்டிக்குள் மாட்டிக்கொண்ட ஓட்டுநர்களை மீட்பதற்காக ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் உருவாக்கிய கருவியின் வழித்தோன்றல்கள் இவை. எண்ணெயை ஏறத்தாழ 700 பார் அழுத்தத்தில் செலுத்தி, இடுக்கி போன்ற இரு கைகளை விரிக்கவோ மூடவோ செய்கின்றன. லாரி டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் 80 மடங்குக்கும் மேலான அழுத்தம் இது. விரிப்பான் நெருங்கிக் கிடக்கும் இருக்கைகளை விலக்கும். வெட்டி இருக்கையின் கால்களைத் துண்டிக்கும்.

இரண்டாவது, காற்றுப் பைகள். தட்டையான ரப்பர் பையை இடுக்கில் செருகிக் காற்றை நிரப்பினால் பல டன் எடையை அது மெல்ல உயர்த்தும். இதற்குத் தேவைப்படுவது லாரி டயரில் உள்ள அளவு காற்றழுத்தமே. பையின் பரப்பு பெரியதாக இருப்பதால் தூக்கும் விசையும் பெரியதாகிறது. உயர்த்திய ஒவ்வோர் அங்குலத்துக்கும் அடியில் மரக்கட்டையை அடுக்கிக்கொண்டே வர வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் படுக்காத மெக்கானிக்குக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, விமானத்தின் அலுமினியத் தோலை அறுக்கும் சுழல் ரம்பமும் காற்று உளியும். சுழல் ரம்பம் விரைவாக அறுக்கும். ஆனால், தீப்பொறி தெறிக்கும். எரிபொருள் கசிந்த இடத்தில் அதுவே எமனாகும். ஆகவே, முதலில் நுரையால் தரையையும் உடற்பகுதியையும் போர்த்தி, அந்தப் போர்வை கலையாமல் காத்துக்கொண்டே அறுக்க வேண்டும். பட்டறைகளில் இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங் முறைக்கு இங்கே இடமில்லை.

எங்கே அறுப்பது என்பதும் ஓர் அறிவு. விமானத்தின் தோலுக்கு அடியில் சட்டங்கள், மின்கம்பிகள், ஆக்சிஜன் குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன. உடைத்து நுழைவதற்கு ஏற்ற இடங்களைச் சில விமானங்களின் வெளிப்புறத்தில் சிவப்பு அல்லது மஞ்சள் நிற மூலைக் குறியீடுகளால் காட்டியிருப்பர். சேலத்துக்கு வந்து செல்லும் ஏடிஆர் 72 ரக விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு வால்புறத்தில் இருக்கிறது. இறக்கை உடற்பகுதிக்கு மேலே அமைந்திருப்பதால் எரிபொருளும் பயணிகளின் தலைக்கு மேலேதான் இருக்கும். போயிங் 787 போன்ற புதிய விமானங்களின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் இழைக் கலப்புப் பொருள். அதை அறுக்கும்போது எழும் தூசியைச் சுவாசிக்காமல் இருக்க மீட்பருக்கு முகக்கவசம் வேண்டும். ஒவ்வொரு ரக விமானத்தையும் தனித்தனியே அறிந்துவைத்திருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

கருவியைவிட வரிசை முக்கியம். முதலில் தீ ஆபத்தைத் தணிக்க வேண்டும். பின்னர், சிதைந்த பகுதி உருளாமல், சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். அதன்பின் மருத்துவ உதவியாளர் உள்ளே சென்று சிக்கியவரின் மூச்சையும் கழுத்தையும் காக்க வேண்டும். அதற்குப் பிறகே வெட்டுதல். மனிதரைச் சுற்றியுள்ள உலோகத்தை விலக்க வேண்டுமே தவிர, உலோகத்துக்குள்ளிருந்து மனிதரைப் பிடித்து இழுக்கக் கூடாது. நீண்ட நேரம் நசுங்கிய காலைத் திடீரென விடுவித்தால், தசையில் தேங்கிய பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். ஆகவே, விடுவிக்கும் முன்பே நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றத் தொடங்குவர்.

பயிற்சி இல்லாத வேகம் ஆபத்து என்பதற்கும் உதாரணம் உண்டு. 2013 ஜூலை 6-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா விமானம் விபத்துக்குள்ளானபோது 3 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி, நுரை மூடிய தரையில் கிடந்ததைக் கவனியாமல் மீட்பு வாகனங்களே அவர்மீது ஏறின. உலகின் வசதி மிக்க நாடுகளுள் ஒன்றிலேயே இது நிகழ்ந்தது.

விமான நிலையத்துக்குள் தீயணைப்புப் பிரிவின் அளவு, வந்து செல்லும் விமானத்தின் நீளத்தையும் உடற்பகுதியின் அகலத்தையும் கொண்டு வகுக்கப்படுகிறது. விதிகளும் ஆய்வுகளும் அங்கே உள்ளன. ஆனால், விமானம் விமான நிலையத்தின் மதில்சுவருக்குள்தான் விழும் என்று எந்த விதியும் உறுதி தர முடியாது. 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாதில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின்மேல் விழுந்தது. அதில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் பயணித்த ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடிச்சென்றவர்கள் குடங்களில் தண்ணீரும் கையில் போர்வையும் ஏந்திய கிராம மக்கள்தாம். சுவருக்கு வெளியே முதல் பொறுப்பு மாநிலத் தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையுடையது. அதற்கும் முந்தைய சில நிமிடங்கள் ஊர் மக்களுடையவை.

இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. என்றோ ஒருநாள் நேரக்கூடிய விபத்துக்காகப் பல லட்சம் ரூபாய் செலவில் கருவிகளை வாங்கி அறையில் பூட்டி வைப்பது வீண் என்ற வாதம் எழலாம். பயன்படுத்தாத கருவி துருப்பிடிக்கும். பயன்படுத்தாத திறனும் அவ்வாறே. ஆனால், இந்த வாதத்துக்கான விடை சேலம், நாமக்கல் சமவெளியின் நடுவே ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது.

லாரியின் நொறுங்கிய கேபினுக்குள் ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் இடையே சிக்கிய ஓட்டுநர், விமான இருக்கையில் சிக்கிய பயணியின் நிலையிலேயே இருக்கிறார். அவரை விடுவிக்கத் தேவைப்படுபவையும் அதே விரிப்பான், அதே வெட்டி, அதே காற்றுப் பை, அதே வரிசைமுறை. ஆனால், அங்கு பல நேரங்களில் வருவது கடப்பாரையும் கிரேனும்தான். சங்கிலியைக் கட்டி இழுக்கும்போது எந்தப் பக்கம் நசுங்கும் என்பது எவருக்கும் தெரியாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய அரசின் புள்ளிவிவரம். தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இருக்கிறது. இவை இரண்டும் பயன்பட வேண்டுமானால் காயமடைந்தவர் முதலில் வாகனத்திலிருந்து வெளியே வந்தாக வேண்டும். சங்கிலியின் விடுபட்ட கண்ணி அதுவே.

விமானத்துக்கென வாங்கும் கருவி நெடுஞ்சாலைக்கும் பயன்பட்டால், ஒவ்வோர் உயிர்மீட்புக்கும் ஆகும் செலவு பன்மடங்கு குறையும். அன்றாடப் பயன்பாட்டால் திறனும் மழுங்காது. என்றோ வரும் விமான விபத்தின்போது, நாள்தோறும் பழகிய கைகள் தயாராக இருக்கும். ஒரே முதலீட்டில் இரண்டு பொதுநலன்கள் கிடைப்பது அரிது. அது இங்கே கிடைக்கிறது.

இதற்குத் தேவையான மனித வளமும் இம்மண்ணில் உண்டு. லாரிக்குக் கூடு கட்டும் நாமக்கல் பட்டறைத் தொழிலாளிக்கு எந்தச் சட்டத்தை எங்கே வெட்டினால் கேபின் எப்படிச் சாயும் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். 2023 நவம்பரில் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் 17 நாள்கள் சிக்கியிருந்தபோது, அவர்களுக்கு உணவு அனுப்பும் குழாயைச் செலுத்தும் பணியில் திருச்செங்கோட்டுத் துளையிடும் இயந்திரம் பங்காற்றியதை நாம் மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. விமான நிலையங்கள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் முழு அளவிலான அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. காமலாபுரத்தில் அத்தகைய ஒத்திகை நடக்கும்போது ஓமலூர், சேலம், சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல் தீயணைப்பு வீரர்களும் அரசு மருத்துவமனைக் குழுவினரும் 108 பணியாளர்களும் அதில் முழுமையாகப் பங்கேற்க வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய தீயணைப்பு நிலையங்களுக்கு மீட்புக் கருவித் தொகுப்புகள் வழங்கப்பட வேண்டும். கழிவுக்குச் செல்லும் பழைய பேருந்துகளையும் லாரி கேபின்களையும் வெட்டிப் பழகுவதற்கு அளிக்கலாம். விமான நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் இளைஞர்களுக்கு, எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யக் கூடாது என்பதையும் கற்பிக்க வேண்டும்.

உதவ முன்வருவோரை வழக்குகளிலிருந்து காக்க 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வழிசெய்துள்ளது. அச்சத்தைச் சட்டம் நீக்கிவிட்டது. அறியாமையைப் பயிற்சிதான் நீக்க முடியும். கோழிக்கோட்டிலும் குன்னூரிலும் மக்கள் காட்டிய ஈரம் நம் சமவெளியிலும் குறைவின்றி இருக்கிறது. அந்த ஈரமுள்ள கைகளில் உரிய கருவியையும் உரிய பயிற்சியையும் கொடுப்பது அரசின் கடமை. விபத்து நேர்ந்த பிறகு அமைக்கப்படும் விசாரணைக் குழுவைவிட, நேரும் முன் நடத்தப்படும் ஒத்திகைக்குச் செலவு குறைவு, பயன் அதிகம்.