உங்களுக்குத் தெரியுமா? பூனை வாய்க்குள் ஒரு பூகம்பம்!

மனிதனுக்கு 32 பல். நாய்க்கு 42. பூனைக்கு? வெறும் 30தான்! அந்த 30 பல்லைச் சுற்றி வருகிற ஒரு நோய், கால்நடை மருத்துவர்களையே திணற வைக்கிறது!

பெயரை ஒரே மூச்சில் சொல்லுங்கள் பார்ப்போம்: ஜிஞ்சிவோஸ்டோமாடைட்டிஸ்! ஈறும் வாயின் உட்சதையும் சிவந்து, வீங்கி, புண்ணாகிவிடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில்!

பூனை பசியோடு தட்டுக்கு ஓடி வரும். ஒரு வாய் வைக்கும். அடுத்த நொடி சீறிக்கொண்டு ஓடிவிடும்! சாப்பாடு பிடிக்காமல் இல்லை. அவ்வளவு வலி!

உடம்பை நக்கி நக்கிப் பளபளப்பாக வைத்திருந்த பூனை திடீரென்று அழுக்காகத் திரிகிறதா? எச்சில் வடிகிறதா? சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். வாய்ப்புண்ணாக இருக்கலாம்!

முன்பல்லை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்! இந்த நோய் குடியிருப்பது கடைவாய்க்கும் பின்னால், தொண்டைக்குப் பக்கத்தில்!

ஒரே வீட்டில் நிறையப் பூனைகளா? உஷார்! கூடுதலாக வரும் ஒவ்வொரு பூனைக்கும் இந்த நோய்க்கான வாய்ப்பு எவ்வளவு ஏறுகிறது தெரியுமா? 70 சதவீதத்துக்கும் மேல்! 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது!

இந்தப் பூனைகளின் வாயில் அடிக்கடி அகப்படும் ஆசாமி, கலிசி வைரஸ். காய்ந்த தரையில்கூட வாரக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும்! ஆல்கஹால் சானிடைசருக்கு லேசில் மசியாது. பிளீச் போட்டால் ஒழியும்!

வைத்தியம் என்ன தெரியுமா? பல்லைப் பிடுங்குவது! ஒன்றிரண்டு அல்ல. கடைவாய்ப் பற்கள் எல்லாம். தேவைப்பட்டால் 30 பல்லும்!

பலன்? 95 பூனைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், மூன்றில் இரண்டு பங்குப் பூனைகளுக்கு நோய் நன்றாகத் தணிந்தது அல்லது அடியோடு போயே போய்விட்டது!

பல் போனால் பட்டினியா? இல்லவே இல்லை! புண் ஆறியதும் ஒரு பல்கூட இல்லாமல் உலர்தீவனத்தையே விழுங்கித் தள்ளும் பூனைகள் உண்டு!

பட்டுப்புழு புடவைக்கு மட்டும்தானா? பூனைக்கும்தான்! பூனையின் மரபணுவைப் பட்டுப்புழுவுக்குள் செலுத்தி ஜப்பானியர்கள் தயாரித்த இன்டர்ஃபெரான் மருந்து, இந்த வாய்ப்புண்ணுக்கும் போகிறது!

பல்லைப் பிடுங்கியும் தீரவில்லையா? பூனையின் சொந்தக் கொழுப்பே மருந்து! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அந்தக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்து, ரத்தக்குழாய் வழியாகத் திரும்ப ஏற்றினார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. எல்லா மருந்தும் கைவிட்ட 7 பூனைகளில் 5 தேறின! ஒரு ஊசியில் எத்தனை செல்கள் தெரியுமா? 2 கோடி!