எறும்புகளிடம் சிக்கிய கைதி

மாமரக் கிளையில் எதிரெதிரே வரும் இரண்டு முசுறு எறும்புகள் ஒரு கணம் நின்றுதான் போகும். உணர்கொம்பை நீட்டி ஒன்றின் தலையை மற்றது தட்டிப் பார்க்கும். ஒரே கூட்டம் என்றால் அதோடு சரி, இரண்டும் தத்தம் வழியில் நகர்ந்துவிடும். அடுத்த கூட்டத்தின் எல்லையைத் தாண்டி வந்த எறும்பாக இருந்தால் கதையே வேறு. தடுத்த எறும்பின் தாடைகள் அகல விரிகின்றன. வயிற்றுப் பகுதி முதுகுக்கு மேல் தூக்கிக்கொள்கிறது. ஒன்று முன்னங்காலைக் கவ்வுகிறது, ஓடிவந்த இன்னொன்று பின்னங்காலைக் கவ்வுகிறது. சற்று நேரத்தில் ஆறு கால்களும் ஆறு பக்கம் இழுபட, கைதி கிளையோடு கிளையாகப் பரத்திப் போடப்படுகிறது. இழுப்பவை பிடியை விடுவதில்லை. மற்றவை வந்து தலை, மார்பு, வயிறு என்று உணர்கொம்பால் தடவிவிட்டுப் போகின்றன. கால் மூட்டுகளில் கடி விழுகிறது, கடித்த இடத்தில் பார்மிக் அமிலம் பீய்ச்சப்படுகிறது.

கைதியும் காவலும் ஒரே இனம். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் முசுறு இனம் ஆயிரமாயிரம் கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கூட்டத்துக்குப் பல மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் இலைகளைப் பின்னிய கூடுகள், எல்லையில் தனிக் காவல் கூடுகள். அந்தக் காவல் கூடுகளில் இருப்பவை வயதான எறும்புகள் என்பதை பெர்ட் ஹோல்டாப்ளரும் எட்வர்ட் வில்சனும் எடுத்துக்காட்டினர். புழுக்களைப் பேணும் உள்வேலை இளையவற்றுக்கு, சண்டை முதியவற்றுக்கு. படைவீரன் என்று எழுதுவது வழக்கமென்றாலும் எறும்புப் படையில் ஆணுக்கு இடமே கிடையாது. காவல், போர், கைதி, விசாரணை எல்லாம் பெண்கள்தான்.

தூரத்து அந்நியரைவிட அண்டைக் கூட்டத்தாரிடம்தான் முசுறு அதிகக் கடுமை காட்டுகிறது என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் தெரிவித்தது. பல விலங்குகளில் நேர்மாறு: பழகிய அண்டைவீட்டாரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவரைத்தான் விரட்டும். முசுறுக்கு அண்டைக் கூட்டம் என்பது மரத்தையே பறிக்கக்கூடிய கூட்டம். அந்தக் கடுமையில் நியாயம் இருக்கிறது.

விசாரணையில் என்ன கேட்கப்படுகிறது என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. எறும்புகளுக்குள் ஏதோ ஒரு ரகசியக் குறிப்பு, ஒரு கடவுச்சொல் இருக்க வேண்டும் என்று சிலர் நம்பினர். லண்டன் வங்கியாளரும் டார்வினின் அண்டைவீட்டாருமான ஜான் லப்பக் அதைச் சோதிக்க எடுத்த வழி விசித்திரமானது. கடவுச்சொல் என்றால் மயங்கிக் கிடப்பவரால் சொல்ல முடியாதல்லவா? முதலில் சில எறும்புகளுக்குக் குளோரோபாம் கொடுத்துப் பார்த்தார். மயங்காத எறும்புகள் அவற்றைப் பிணமாக நினைத்து, சொந்தம், அந்நியம் என்று பாராமல் தூக்கிப்போட்டன. அடுத்து ஆல்கஹாலில் நனைத்துப் போதை ஏற்றினார். தள்ளாடிக் கிடந்தவற்றைப் பார்த்துப் போதை ஏறாதவை சற்றுக் குழம்பின. பிறகு சொந்தக் கூட்டத்தாரைப் பெரும்பாலும் கூட்டுக்குள் தூக்கிச் சென்றன, அந்நியரைப் பெரும்பாலும் சோதனை இடத்தைச் சுற்றியிருந்த நீரில் போட்டன. வாய் திறக்காத கைதியையும் அடையாளம் காண முடிகிறது என்றால் கடவுச்சொல் இல்லை. எறும்புகள், தேனீக்கள், குளவிகள் பற்றி 1882இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனை விரிவாக இருக்கிறது.

1898இல் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் பேத்தே எறும்பை ஆல்கஹாலில் கழுவி, வேற்றுக் கூட்டத்து எறும்புகளை நசுக்கிய சாற்றில் முக்கியெடுத்துச் சொந்தக் கூட்டில் விட்டார். கூடப்பிறந்தவையே அதைத் தாக்கின. அடையாளம் உடம்பின் மேல் இருக்கிறது, அது கழுவினால் போகும், பூசினால் மாறும் என்பது அப்போதே ஏறக்குறைய தெளிவாகிவிட்டது. சீனாவில் மதப்பணியாற்றிவிட்டு அமெரிக்கா திரும்பி எறும்பு ஆய்வில் இறங்கிய அடேல் ஃபீல்ட், பிறந்து சில மணி நேரமே ஆன வெவ்வேறு இன எறும்புகளை ஒன்றாக வளர்த்தார். அவை ஒரே குடும்பமாக வாழ்ந்தன. பகை பிறவியில் வருவதில்லை. முதல் நாட்களில் பழகும் வாசனையில் வருகிறது.

அந்த வாசனை இருப்பது எறும்பின் மேல்தோலைப் போர்த்திய மெழுகுப் படலத்தில். உடம்பின் ஈரம் உலராமல் காப்பதுதான் அதன் அடிப்படை வேலை. அதில் 20 முதல் 40 வரை கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் இருக்கின்றன. சில நேரானவை, சில கிளை விட்டவை, சிலவற்றில் இரட்டைப் பிணைப்பு. ஒரே இனத்தின் எல்லாக் கூட்டங்களிலும் பெரும்பாலும் அதே சேர்மங்கள்தான் காணப்படுகின்றன. மாறுவது அளவு விகிதம். எல்லா வீட்டிலும் மல்லி, மிளகாய், பருப்புதான் என்றாலும் வீட்டுக்கு வீடு சாம்பார்ப் பொடி மணம் வேறாக இருப்பதைப் போன்றது இது. எறும்புகள் ஒன்றையொன்று நக்குகின்றன, வாயோடு வாய் உணவு ஊட்டுகின்றன, தொண்டைக்குப் பின்னுள்ள சுரப்பியில் இந்த மெழுகுகளைச் சேர்த்துக் கலந்து மீண்டும் பூசிக்கொள்கின்றன. தனித்தனி எறும்பின் மணம் இப்படித்தான் கூட்டத்தின் பொது மணமாகக் கரைகிறது.

மணத்தை வாசிப்பது உணர்கொம்பு. ஜப்பானில் மாமிகோ ஒசாக்கி குழுவினர் 2005இல் ஒரு வகைக் கட்டெறும்பின் உணர்கொம்பில் நுண்ணிய ஓர் உணர்முடியைக் கண்டறிந்தனர். அதற்குள் சுமார் 200 நரம்பு செல்கள். வேற்றுக் கூட்டத்து மெழுகு பட்டபோது அவை துடித்தன. சொந்தக் கூட்டத்து மெழுகு பட்டபோது பேசாமல் இருந்தன. 2009இல் வெளியான இன்னோர் ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது: வழக்கமான மணத்தில் புதிதாக ஒரு சேர்மத்தைச் சேர்த்தால் எறும்புகள் சீறுகின்றன, இருக்க வேண்டிய ஒன்று குறைந்தால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நம்மவள் என்பதற்கு ஆதாரம் தேடுவதில்லை. நம்மிடம் இல்லாதது இவளிடம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் விசாரணையின் ஒரே கேள்வி.

இதற்கான கருவி எறும்பிடம் ஏராளம். பழ ஈக்கு சுமார் 60 மணமுணர் ஏற்பிகள்தான். எறும்புகள் பலவற்றில் அந்த எண்ணிக்கை 400ஐ ஒட்டியது. அந்த ஏற்பிகள் இயங்குவதற்குத் தேவையான ஒரு மரபணுவை 2017இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் செயலிழக்கச் செய்தன. ஒரு குழு எடுத்துக்கொண்டது இந்தியாவில் வாழும் குதிக்கும் எறும்பை. மணமறியாத அந்த எறும்புகள் கூட்டத்தோடு ஒட்டவில்லை, கூட்டை விட்டுத் தனியே அலைந்தன.

நீதிபதிகள் எல்லாரும் ஒரே தீர்ப்புச் சொல்வதும் இல்லை. ஒரே கைதியை ஒன்று கவ்வும், ஒன்று முகர்ந்துவிட்டு விலகும், ஒன்று நக்கிக்கூடக் கொடுக்கும். அறுவடை எறும்புகளை ஆராய்ந்துவரும் டெபோரா கார்டனும் பெர்னாண்டோ எஸ்போண்டாவும் 2015இல் இதற்கு விளக்கம் தந்தனர். எது அந்நியம் என்பதற்கு ஒவ்வோர் எறும்பும் தன் அனுபவத்தில் ஓர் எல்லை வகுத்துக்கொள்கிறது, கூட்டத்தின் முடிவு என்பது இந்தச் சிதறிய முடிவுகளின் மொத்தம் என்றனர். கைதி தப்பிப்பதும் சாவதும் முதலில் எந்த எறும்பிடம் சிக்கியது என்பதையும் பொறுத்தது.

விசாரணை எவ்வளவு குருட்டுத்தனமானது என்பதற்கு அர்ஜென்டினா எறும்பைவிடச் சிறந்த சாட்சி இல்லை. மூன்று மில்லிமீட்டர்கூட எட்டாத இந்தப் பழுப்பு எறும்பு தென் அமெரிக்காவின் பரானா ஆற்றுப் படுகையில் தோன்றியது. கப்பல் சரக்கோடு உலகம் சுற்றிய அது 1891இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பதிவாகியது. ஒரே கூட்டத்து எறும்புகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழுப்புப் பட்டைக் கரப்பானை மட்டும் தீனியாகக் கொடுத்துப் பார்த்தனர் ஆய்வாளர்கள் லியாங்கும் சில்வர்மேனும். கரப்பானின் மெழுகு எறும்பின் உடலில் ஒட்டியது. திரும்பச் சேர்த்தபோது உடன்பிறந்தவை ஒன்றையொன்று குதறிக்கொண்டன. சாப்பாட்டு வித்தியாசம் ஒன்றே துரோகப் பட்டம் வாங்கித் தரப் போதுமாக இருந்தது.

இதே இனம் மறுகோடியில் எல்லைகளையே அழித்திருக்கிறது. இத்தாலியிலிருந்து ஸ்பெயினின் அட்லாண்டிக் கரை வரை சுமார் 6,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பெருங்கூட்டம் பரவியிருப்பதை லோரான் கெல்லர் குழுவினர் 2002இல் அறிவித்தனர். எங்கிருந்து எடுத்து எங்கே விட்டாலும் சண்டை இல்லை. ஜப்பான், கலிபோர்னியா, ஐரோப்பா ஆகிய மூன்று இடங்களின் முதன்மைப் பெருங்கூட்டங்களைச் சேர்ந்த எறும்புகளை ஒன்றாக விட்டபோதும் அவை மோதிக்கொள்ளவில்லை என்பது 2009இல் தெரியவந்தது. ஆனால் அதே ஸ்பெயினின் கட்டலோனியாவில் இரண்டாவது பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் எறும்பு விசாரணையில் விடுதலை ஆகும் இடத்தில் கட்டலோனிய எறும்புக்கு மரணம்தான்.

கலிபோர்னியாவிலும் இதே பிளவு. அங்கே மிகப் பெரிய கூட்டம் ஒன்றும் சிறிய கூட்டங்கள் சிலவும் சான் டியாகோ வட்டாரத்தில் எல்லை பிரித்துக்கொண்டுள்ளன. ஆய்வாளர் மெலிசா தாமஸும் சக ஆய்வாளர்களும் அந்த எல்லைகளைத் தொடர்ந்து கவனித்தனர். சில கிலோமீட்டர் போர்முனையில் ஆறு மாதத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட எறும்புகள் மாண்டிருக்கும் என்பது 2006இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு. இவ்வளவு சாவுக்குப் பிறகும் எல்லைக்கோடு பெரிதாக நகரவில்லை.

பிளவு கூட்டங்களுக்கு இடையில் மட்டும் இருப்பதில்லை. அதே தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய செந்தீ எறும்பில் இரண்டு சமூக முறைகள் உண்டு: ஒரு ராணி மட்டும் ஆளும் கூட்டங்கள், பல ராணிகள் சேர்ந்திருக்கும் கூட்டங்கள். இந்த வேறுபாடு ஒரே குரோமோசோமில் சேர்ந்தே கைமாறும் ஒரு பெரிய மரபணுத் தொகுதியைச் சார்ந்தது. அந்தத் தொகுதியின் பல ராணி முறைக்குரிய வடிவம் இல்லாத ராணி ஒருத்தி பல ராணிக் கூட்டில் முட்டையிடத் தொடங்கினால், அந்த வடிவத்தைச் சுமக்கும் பணியாளர் எறும்புகள் அவளைச் சூழ்ந்து கொன்றுவிடுகின்றன. கெல்லரும் கென்னத் ராஸும் 1998இல் இதை வெளியிட்டனர். அந்த ராணியின் மேல் உரசப்பட்ட பணியாளர்களும் தாக்கப்பட்டன, அவளது மணம் ஒட்டிக்கொண்டதால். குற்றவாளியைத் தொட்டவரும் குற்றவாளி.

மணம் மட்டுமே சாட்சி என்றால் மணத்தைத் திருடியவருக்கு வழி திறந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு குதிக்கும் சிலந்தி முசுறுக் கூட்டுக்குள் புகுந்து புழுக்களைத் தின்கிறது. தின்ற புழுக்களின் மெழுகே அதன் உடலிலும் படிந்து, அந்தக் குறிப்பிட்ட கூட்டத்தின் மணத்தையே தருகிறது. எட்டுக் கால், வேறு உருவம், வாயில் கூட்டத்துக் குஞ்சு. ஆனாலும் காவல் எறும்புகள் அதைப் பிடித்து இழுப்பதில்லை.

பிறந்த புதிதில் எறும்பின் உடலில் மெழுகு மிகக் குறைவு. சொல்லத் தகுந்த மணமே இல்லாததால் எந்தக் கூட்டமும் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. அடிமை பிடிக்கும் பாலியெர்கஸ் எறும்புகள் வாழ்வது இந்த ஓட்டையை நம்பித்தான். அவற்றின் அரிவாள் தாடை போருக்கு மட்டும் உதவும், அவற்றுக்குத் தாமாக உண்ணக்கூடத் தெரியாது. ஃபார்மிகா எறும்புகளின் கூட்டின் மீது படையெடுத்து அவை தூக்கிவருவது கூட்டுப்புழுக்களை. புதிய கூட்டில் கண் விழிக்கும் எறும்பு அங்குள்ள மணத்தைத் தன் மணமாகக் கற்று, அங்கேயே உழைத்துச் சாகிறது. வளர்ந்த எறும்புக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. எல்லையில் பிடிபட்டால் இழுத்து வெளியே எறியப்படும், அல்லது கொல்லப்படும்.