துருவத்து வானமும் நமது வானமும்

இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே கப்பலைச் செலுத்துகிறவன், வழியில் ஒரு தீவையேனும் காணாமல் தென்துருவக் கண்டத்தின் பனிக்கரையையே சென்றடைவான். அக்கரையில், நமது தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே, லார்ஸ்மன் குன்றுகளில் இந்தியா 2012ஆம் ஆண்டு நிறுவிய பாரதி ஆய்வு நிலையம் நிற்கிறது. அதற்கும் மேற்கே வெகுதொலைவில், 1989 முதல் மைத்ரி நிலையம் இருந்து வருகிறது. பனியையும் பாறையையும் ஆராய்வோர் ஒருபுறமிருக்க, இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தார் அங்கே காந்தமானிகளை அமர்த்தி, நூறு கிலோமீற்றர் உயரத்துக்கு அப்பாலுள்ள மேல்வளிமண்டலத்தின் சலனங்களைக் கவனித்து வருகின்றனர்.

சூரியனிடமிருந்து இடையறாது பெருகிவரும் மின்னேற்றத் துகள்களின் பிரவாகத்தைப் பூமியின் காந்தக் கவசம் பெரும்பாலும் விலக்கிவிடுகிறதாயினும், துருவங்களை அடுத்துக் காந்தக் கோடுகள் தரையை நோக்கி ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், கவசத்துள் புகுந்து வேகம்பெற்ற துகள்கள் அக்கோடுகளின் வழியே பாய்ந்து, ஒட்சிசன் அணுக்களையும் நைதரசன் மூலக்கூறுகளையும் தாக்க, அவை துருவ ஜோதியாகப் பச்சையும் செம்மையுமாய்ச் சுடர்விடுகின்றன. 2024 மே மாதத்துப் பெரும் காந்தப் புயலின்போது அச்செவ்வொளி லடாக்கின் ஹான்லே வானிலும் படம்பிடிக்கப்பட்டது.

ஆனால் அந்த ஜோதியின் அழகினும், அதனோடு எழும் மின்புலமே நமக்கு நெருங்கிய விஷயம். தமிழகத்தின் தென்கோடிக்கும் இலங்கைக்கும் மேலாகச் செல்லும் காந்த மத்தியரேகையை ஒட்டி, சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில், பகற்பொழுதில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டமொன்று உண்டு. துருவத்தில் கலக்கம் நேர்ந்தால், அம்மின்புலம் கணப்பொழுதில் இங்கு பரவ, இவ்வோட்டம் பெருகும், குன்றும், சிலவேளை திசையே மாறும். அதனாலேயே அதே நிறுவனத்தார் திருநெல்வேலியிலும் ஓர் ஆய்வகம் நடத்துகின்றனர். 1963 நவம்பர் 21ஆம் திகதி இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்ததும் இந்த ரேகையின் அண்மையைக் கருதியே.

ஏக்கலையிலிருந்து சிற்றலையில் எழுந்த இலங்கை வானொலியின் குரல் கடல் கடந்து ஒலித்தது, அம்மின்னோட்டம் ஓடும் மின்னேற்ற வளியடுக்கான அயன் மண்டலம் அதனைத் திருப்பியனுப்பியதால் அன்றோ! இன்று தெமட்டகொடைச் சந்தியில் முச்சக்கர வண்டிக்காரர் கைபேசியில் வழி பார்க்கும்போதும், செய்மதியின் சமிக்ஞை அம்மண்டலத்தை ஊடுருவியே வருகிறது. காந்தப் புயற்காலத்தில் அது பிசகுவதும் உண்டு. ஆகையால், துருவ ஆராய்ச்சி குளிர்நாட்டாருக்கே உரியது என்று எண்ணுவது அறியாமை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் பௌதிகவியல் பயிலும் நம் பிள்ளைகள் இத்துறையை மேற்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வேண்டிய கருவிகளை அளிப்பது பல்கலைக்கழகங்களின் கடமை.