ஒலிப்பதிவும் வட்டார வழக்கும்

சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் பாடியனவாக எட்டுப் பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. சிவகங்கை மாவட்டத்து ஒக்கூரே அவர்தம் ஊர் என்பர். அவர் சொற்கள் ஏட்டில் நின்றன. அவற்றை அவர் ஒலித்த முறை நில்லாது ஒழிந்தது. அவ்வூர்ப் பகுதியில் இன்று வாழும் முதியோர் பேச்சுக்கும் அந்நிலை நேரலாமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கணிப்பொறி பேச்சை உணருமாறு பயிற்றுவோர் ஒலிப்பதிவையும் அதன் எழுத்துவடிவையும் இணைத்து, அத்தகைய இணைகளைப் பெருந்தொகையாக அதற்கு அளிப்பர். எத்தகையோர் குரல் அத்தொகுப்பில் மிகுதியோ, அத்தகையோர் பேச்சையே அது செவ்வனே உணரும். ககரம் ஒன்றே, எனினும் கடல், தங்கம், அகம் என்னும் மூன்றிடத்தும் அதன் ஒலி வேறு. 'வந்துகொண்டிருக்கிறான்' என எழுதும் நாமே 'வந்துக்கிட்டிருக்கான்' எனப் பேசுகின்றோம். எனவே ஏட்டுத்தமிழ் மட்டும் கற்ற பொறி, நாட்டுப்புறத்து மூதாட்டி வினவுவதை உணராது திகைக்கும்.

குரலைத் தொகுக்கும் முயற்சி புதியதன்று. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்காய்வு சார்பில் 1913 முதல் 1929 வரை இசைத்தட்டுப் பதிவுகள் செய்யப்பெற்றன. நம் காலத்தில் மொசில்லா நிறுவனம் 2017-இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில், தமிழ் உட்படப் பல மொழியினர் திரையில் தோன்றும் தொடர்களைப் படித்துத் தம் குரலை வழங்குகின்றனர். இது நற்பணியே. ஆயினும், ஏட்டைப் படிக்குங்கால் எவரும் தம் வழக்கை ஒதுக்கிப் பொதுத்தமிழையே ஒலிப்பர்.

இக்குறையை நீக்கும் வழியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து 'ஏஐ4பாரத்' ஆய்வகம் காட்டியுள்ளது. அது 2024-இல் அறிவித்த 'இண்டிக்வாய்சஸ்' தொகுப்பில், 22 மொழிகளில், 145 மாவட்டத்தார் 16,237 பேரின் குரல் 7,348 மணி நேர அளவில் அடங்கியிருந்தது. அதில் படித்த பேச்சு நூற்றுக்கு 9 பங்கே, இயல்பாகப் பேசியது 74, உரையாடல் 17.

இயல்பான பேச்சைப் பதிந்துவிட்டால் மட்டும் போதுமோ எனின், போதாது. 'அப்பச்சி' என்னும் சொல் செட்டிநாட்டு நகரத்தார் வழக்கில் தந்தையைக் குறிக்கும்; கொங்கு நாட்டிலோ தாயின் தந்தையைக் குறிக்கும். பேசியவர் ஊரும் வழக்கும் குறிக்கப்பெறாத பதிவில் இச்சொல்லின் பொருள் மயங்கும். எழுத்துப்படுத்துவோர் அதனைப் 'பிழை' எனக் கருதி 'அப்பா' எனத் திருத்துவாராயின், வழக்கே மறையும். திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்வகை நான்கனுள் ஒன்றாக ஏற்றவர் தொல்காப்பியர்; அதனை நாம் பிழையென ஒதுக்குதல் தகுமோ?

ஆதலின் தமிழ்த்துறையினர் ஆற்றவேண்டிய பணி மூன்று. பேசியவர் ஊர், அகவை, வழக்கு ஆகியவற்றைப் பதிவொடு குறித்தல் ஒன்று. ஒலித்தவாறே ஒரு வடிவும் பொதுத்தமிழில் ஒரு வடிவுமாக எழுதிவைத்தல் மற்றொன்று. பதிவு எதற்குப் பயன்படும் என விளக்கிப் பேசுவோர்தம் இசைவைப் பெறுதல் பிறிதொன்று. ஒருவர் குரலைப் பொறி போலியாக ஒலிக்க வல்ல இக்காலத்தில் இம்மூன்றாவது மிக இன்றியமையாதது.

இப்பணிக்குப் பொறியியலார் மட்டும் போதார். வழக்கறிந்த தமிழாசிரியரும் வேண்டும். பொறியைப் பின்னரும் திருத்திக்கொள்ளலாம். முதியோர் மறைந்தபின் அவர்தம் பேச்சைப் பெறுதல் இயலாது. ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் முதியோரிடமிருந்தே இத்தொகுப்பைத் தொடங்குவாராக.