வெடிப்பின் இடம் தெரிந்த நாள்: 1997 பிப்ரவரி 28

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள், 1967 ஜூலை 2 அன்று விண்வெளியிலிருந்து வந்த காமா கதிர் வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்தன. இத்தகைய வெடிப்புகள் எவ்வளவு தொலைவில் நிகழ்கின்றன என்பது அதன்பின் முப்பது ஆண்டுகள் தெரியவில்லை. காற்று மண்டலம் காமா கதிர்களைத் தரைக்கு விடாது. வழக்கமான ஆடிகளால் அவற்றைக் குவிக்கவும் முடியாது. 1991இல் விண்ணேறிய பேட்ஸி கருவி 2,700க்கும் மேற்பட்ட வெடிப்புகளைக் கண்டது. ஆனால் இடத்தைச் சில டிகிரி பிழையோடுதான் சொன்னது. முழுநிலவின் அகலமே அரை டிகிரிதான்!

இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து உருவாக்கிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் இந்த நிலையை மாற்றியது. அதன் அகலப்பார்வைக் கேமராவில் வில்லை கிடையாது. துளையிட்ட தகடு ஒன்றின் வழியே, வெடிப்போடு வரும் எக்ஸ் கதிர்கள் பாய, உணரியில் விழும் நிழலின் வடிவத்தை வைத்துத் திசையைக் கணக்கிட்டார்கள். 1997 பிப்ரவரி 28 விடியற்காலையில் ஒரு வெடிப்பு. சுமார் எட்டு மணி நேரத்தில் செயற்கைக்கோளையே அப்பக்கம் திருப்பி, மங்கிக்கொண்டிருந்த எக்ஸ் கதிர் மிச்சத்தைப் பிடித்துவிட்டார்கள். அன்றிரவே லா பால்மா தீவிலுள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அந்த இடத்தைப் படமெடுத்தது. அதில் ஒரு மங்கலான ஒளிப்புள்ளி. எட்டு நாள் கழித்து எடுத்த படத்தில் அது இல்லை. மறைந்ததுதான் அது வெடிப்பின் மிச்ச ஒளி என்று அடையாளம் காட்டியது.

அதே ஆண்டு மே மாதம் நிகழ்ந்த வேறொரு வெடிப்பின் நிறமாலையை ஹவாயின் கெக் தொலைநோக்கி பதிவு செய்தது. அந்த ஒளி ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பயணித்து வந்திருந்தது. 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், வெடிப்பைக் கண்டதும் யார் கட்டளைக்கும் காத்திராமல் ஓரிரு நிமிடங்களில் தானே அத்திசைக்குத் திரும்பும்படி வடிவமைக்கப்பட்டது.