இலத்தீன் பிரதிப்பெயர் யாரைச் சுட்டுகிறது?

இலத்தீன் கற்கத் தொடங்குவோர், பிரதிப்பெயரை அதற்கு மிக அருகிலுள்ள பெயர்ச்சொல்லோடு இணைத்துவிடுவதுண்டு. இது பிழைக்கு இடந்தரும். பிரதிப்பெயர் பாலிலும் எண்ணிலும் தான் சுட்டும் பெயரோடு ஒத்திருக்கும். அதன் வேற்றுமையையோ அது நிற்கும் வாக்கியமே நிர்ணயிக்கும்.

ஆதியாகமம் 3:15ஐ நோக்குவோம். சர்ப்பத்தின் தலையை நசுக்குவது யார்? 1592ஆம் ஆண்டு வுல்காத்தா பதிப்பில் 'இப்சா' என்றிருக்கிறது. அருகிலுள்ள பெயர் 'செமென்', அதாவது வித்து; அச்சொல் ஆண்பாலுமன்று, பெண்பாலுமன்று. 'இப்சா' பெண்பாலாதலால், வித்தைக் கடந்து ஸ்திரீயையே சுட்டுகிறது. 1979ஆம் ஆண்டு வெளிவந்த புதிய வுல்காத்தாவோ 'இப்சும்' என்று திருத்தி, வித்தையே சுட்டுகிறது. எபிரேய மூலத்தில் வித்தும் பிரதிப்பெயரும் ஆண்பாலே.

ஆகவே, வெற்றி யாருடையது என்பது ஒரு சொல்லின் ஈற்றில் அடங்கியுள்ளது. பிரசங்கிக்குமுன் அவ்வீற்றை ஆராய்வது போதகரின் கடமையன்றோ?